பிள்ளையின் மூளையில் யாருடைய வினை?

ஆறேழு வயதுப் பிள்ளைக்கு ஒரு கண் திடீரென்று மூக்குப் பக்கம் சாய்கிறது. பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறது பிள்ளை. சில வாரங்களில் வாய் ஒரு பக்கம் கோணுகிறது, நடை தள்ளாடுகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் மூளைத்தண்டின் நடுவில் உள்ள பான்ஸ் என்ற பகுதி ஊதிப் பருத்திருக்கும். கண்ணசைவு, முகத்தசை, விழுங்குதல், மூச்சு என்று உயிரோடு ஒட்டிய நரம்புகளும் அவற்றின் வழித்தடங்களும் நெருக்கியடித்துச் செல்லும் இடம் அது. கட்டி அங்கே தனி உருண்டையாக நிற்பதில்லை. நல்ல நரம்பிழைகளுக்கு ஊடே கலந்து பரவிக் கிடக்கும். ஆகவே அறுவை செய்து எடுக்க வழியில்லை. மருத்துவர்கள் டி.ஐ.பி.ஜி. என்று சுருக்கிச் சொல்லும் இந்த நோய் மிக அபூர்வமானது. அமெரிக்கா போன்ற பெரிய நாட்டிலேயே ஆண்டுக்கு இருநூறிலிருந்து முந்நூறு பிள்ளைகளுக்குத்தான் வருகிறது. வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஓராண்டு தாண்டுவதில்லை. இரண்டாண்டு தாண்டுவது பத்தில் ஒன்று.

இதையெல்லாம் மருத்துவர் சொல்லி முடித்ததும் பெற்றோருக்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. இனி என்ன செய்யலாம் என்பது ஒன்று. மற்றது, ஏன் எங்கள் பிள்ளைக்கு? முதல் கேள்விக்கு மருத்துவமனையில் பதில் உண்டு, குறையான பதில் என்றாலும். இரண்டாவதற்கு அங்கே பதில் கிடைக்காமல் வீடு திரும்பினால், வீட்டில் பதில் தயாராகக் காத்திருக்கிறது. போன ஜென்மத்துப் பாவம் என்பார் ஒருவர். பெற்றவர்கள் செய்தது பிள்ளை தலையில் விடிந்தது என்பார் இன்னொருவர். கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போனாளோ என்று மூன்றாமவர் தாழ்ந்த குரலில் விசாரிப்பார். இவர்கள் கெட்டவர்கள் அல்ல. உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது என்று நம்பியே ஆகவேண்டிய கட்டாயம் அவர்களை அப்படிப் பேசவைக்கிறது. வினைக் கொள்கை உண்மையா பொய்யா என்ற பழைய வழக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை, அதற்குத் தேவையுமில்லை. என் வாதம் அதைவிடக் குறுகியது: வினையை முழு மனத்தோடு நம்புகிறவருக்கும்கூட, அவர் நம்பும் நூல்களின்படியே, நோயுற்ற ஒரு பிள்ளையைக் காட்டி இது வினைப்பயன் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை கிடையாது.

முதலில் நோயின் காரணம் பற்றி மருத்துவம் அறிந்தது எவ்வளவு என்று பார்த்துவிடலாம். நம் உயிரணுக்களுக்குள் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேல் சுற்றிவைக்கப்பட்டிருக்கிறது. எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதில் இந்த ஹிஸ்டோன்களுக்கும் பங்குண்டு. 2012-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே விஷயத்தைக் கண்டறிந்தன. டி.ஐ.பி.ஜி. கட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஹெச்3 என்ற ஹிஸ்டோனின் 27-ஆம் இடத்தில் லைசின் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தியோனின் இருக்கிறது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு அது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் மூளைக்கட்டிகளை மறுவகைப்படுத்தியபோது இந்த மாற்றத்தைக் கொண்டே இந்நோய்க்குப் புதுப் பெயரிட்டது. இது பொதுவாகப் பெற்றோரிடமிருந்து வருவதில்லை. பிள்ளையின் மூளையில் பெருகிக்கொண்டிருந்த ஓர் உயிரணு தன்னைப் பிரதி எடுக்கும்போது நேர்ந்த பிழை. உணவோ கைபேசியோ தாயின் பழக்கவழக்கமோ இதற்குக் காரணம் என்று இதுவரை நிறுவப்படவில்லை. ஆய்வாளர்கள் கவனித்த இன்னொன்றும் உண்டு. பிள்ளை வளர வளர நரம்பிழைகளின்மேல் மையலின் என்ற உறை படிகிறது. அதை உண்டாக்கும் முன்னோடி உயிரணுக்களிலிருந்துதான் இந்தக் கட்டி கிளம்புவதாகச் சான்றுகள் காட்டுகின்றன. ஓடவும் பேசவும் பந்தைப் பிடிக்கவும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் அதே வளர்ச்சிக்குள்ளே நடந்த பிழை இது.

இதைத் தற்செயல் என்று சொன்னால் பலருக்கு அது பதிலாகவே படுவதில்லை. தெரியவில்லை என்பதன் மரியாதையான வடிவம் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. இங்கே காரணம் இருக்கிறது. ஒரு வேதியியல் எழுத்து பிசகியது என்று சுட்டிக்காட்டக்கூடிய அளவுக்குத் துல்லியமாக இருக்கிறது. இல்லாதது குறி. இந்தப் பிள்ளையை நோக்கி யாரும் எதையும் எய்யவில்லை. கோடிக்கணக்கான உயிரணுக்கள் கோடிக்கணக்கான முறை பிரதியெடுக்கும்போது சில பிழைகள் நேரும், பெரும்பாலானவை தீங்கில்லாமல் போகும், மிகமிகச் சில தவறான அணுவில் தவறான காலத்தில் விழும். இந்த விளக்கம் குளிர்ந்தது, உணர்ச்சியற்றது என்பது வழக்கமான குற்றச்சாட்டு. ஆனால் தாயின் பக்கத்திலிருந்து கேட்டுப் பாருங்கள். சாப்பிட்டது, சாப்பிடாதது, போன இடம், போட்ட சண்டை, தவறவிட்ட பிரார்த்தனை என்று ஒவ்வொரு நாளையும் அவள் தனக்குள் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். அந்த விசாரணையில் குற்றவாளி என்று யாரும் இல்லை என்று சொல்லும் ஒரே தரப்பு மருத்துவம்தான். தற்செயல் என்ற பதில் அவளை விடுதலை செய்கிறது.

இனி எதிர்த்தரப்பை அதன் பலத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். வினைக் கொள்கை மூடர்களின் கற்பனை அல்ல. விதைத்தது முளைக்கும் என்ற ஒழுங்கை அது அறவுலகுக்கும் நீட்டுகிறது. ஒருவன் செல்வத்தில் பிறக்க இன்னொருவன் வறுமையில் பிறப்பது ஏன் என்ற கேள்விக்கு, கடவுளின் விருப்பம் என்று கைகழுவாமல் பதில் சொல்ல முயல்கிறது. சைவம், வைணவம், சமணம், பௌத்தம் என்று தமிழ் மண்ணில் வேரோடிய மதங்கள் எல்லாம் தமக்குள் ஆயிரம் சண்டை போட்டுக்கொண்டாலும் இந்த ஒன்றில் பெரும்பாலும் ஒத்துப்போயின. ஆனால் படுக்கையருகே அது பேசப்படும் விதத்தைக் கூர்ந்து கேட்டால் முதல் விரிசல் அங்கேயே தெரிகிறது. அவரவர் வினை அவரவர்க்கு என்பதுதான் கொள்கையின் முதுகெலும்பு. அப்படியானால் தாய் செய்ததற்குப் பிள்ளை அனுபவிக்கிறது என்பது கொள்கைக்கே முரண். உடனே பேச்சு மாறும்: இல்லை, அது பிள்ளையின் முற்பிறவி வினை. சரி, அப்படியென்றால் தாயிடம் நீ என்ன பாவம் செய்தாய் என்று ஏன் கேட்கிறீர்கள்? இந்த இரண்டு நாற்காலிகளுக்கும் இடையே மாறிமாறி உட்கார்ந்துகொண்டுதான் இந்த வாதம் காலங்காலமாக நிலைத்து நிற்கிறது. பிள்ளையைப் பார்த்துச் சொல்ல மனம் வராதபோது பெற்றோரைச் சுட்டுகிறது. பெற்றோர் திருப்பிக் கேட்டால் பிள்ளைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

இரண்டாவது சோதனையை வரலாறு தருகிறது. பிள்ளைகளின் சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற கட்டிக்கு 1925-இல் அமெரிக்காவில் ஹார்வி குஷிங்கும் பெர்சிவல் பெய்லியும் பெயர் சூட்டினார்கள். அன்று அறுவை செய்தாலும் சில ஆண்டுகள் பிழைத்திருந்தவர்கள் அரிது. 1953-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஈடித் பாட்டர்சன் குழுவினர், மூளையோடு நிறுத்தாமல் தண்டுவடம் முழுவதற்கும் கதிர் கொடுத்தால் பல பிள்ளைகள் பிழைக்கிறார்கள் என்று காட்டினார்கள். பிறகு மருந்துகளும் சேர்ந்தன. இன்று அந்தக் கட்டியின் சாதாரண அபாயப் பிரிவில் உள்ள பிள்ளைகளில் சுமார் எண்பது விழுக்காடு ஐந்தாண்டு தாண்டி வாழ்கிறார்கள். நோய் தண்டனை என்றால், 1925-க்கும் இன்றைக்கும் இடையில் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டதா? இன்னொரு கணக்கும் இருக்கிறது. குழந்தைப் புற்றுநோய்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், பணக்கார நாடுகளில் எண்பது விழுக்காட்டுக்கு மேற்பட்ட பிள்ளைகள் குணமடைகிறார்கள்; ஏழை, நடுத்தர நாடுகள் பலவற்றில் முப்பது விழுக்காட்டுக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்கேன் எந்திரம் எத்தனை மைல் தொலைவில் இருக்கிறது, மருந்து தடைபடாமல் கிடைக்கிறதா, பாதியில் சிகிச்சையை விட்டுவிட்டு ஊர் திரும்ப நேர்கிறதா என்பவையே அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி. இவை அரசாங்கங்களும் வரவுசெலவுத் திட்டங்களும் செய்த வினை. அதைப் பிள்ளையின் கணக்கில் எழுதுவது மோசடி.

இதற்கு ஒரு மறுமொழி வரும்: நல்ல சிகிச்சை கிடைக்கும் நாட்டில் பிறப்பதும் வினைதான், 1953-க்குப் பிறகு பிறப்பதும் வினைதான். தர்க்கத்தில் இதை வெல்ல முடியாது. பிழைத்தாலும் வினை, இறந்தாலும் வினை, மருந்து கண்டுபிடித்தாலும் வினை, கண்டுபிடிக்காவிட்டாலும் வினை என்று எது நடந்தாலும் பொருந்திவிடுகிற விளக்கத்தை எந்தச் சான்றாலும் அசைக்க இயலாது. ஆனால் அதே காரணத்தால் அதைக்கொண்டு எந்த ஒரு நோயாளியைப் பற்றியும் எதையும் தெரிந்துகொள்ளவும் இயலாது. எல்லாக் கதவையும் திறக்கிற சாவியால் இந்த வீட்டுக்காரர் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. இந்தப் பிள்ளை, இந்தக் கட்டி, இந்தப் பாவம் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால் குறிப்பான சான்று வேண்டும். அது யாரிடமும் இல்லை.

இதைவிட நுட்பமான தடை ஒன்று உண்டு, படித்தவர்கள் எழுப்புவது. அறிவியல் எப்படி என்று சொல்கிறது, மதம் ஏன் என்று சொல்கிறது. 27-ஆம் இடத்தில் பிழை நேர்ந்தது எப்படி என்பது உயிரியல், அந்தப் பிழை இந்தப் பிள்ளைக்கு நேர்ந்தது ஏன் என்பது வினை. இரண்டும் வேறு தளங்கள், மோதல் இல்லை. அழகான சமரசம். ஒப்புக்கொண்டே மேலே போவோம். எப்படி என்ற தளத்தில் எந்தத் தடயமும் விடாமல் ஏன் என்ற தளத்தில் மட்டும் வினை இயங்குகிறது என்றால், மனிதக் கண்ணுக்கு அது ஒருபோதும் புலப்படாது. இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. பாலி மொழிப் பௌத்த நூலான அங்குத்தர நிகாயத்தில், சிந்தித்து முடிவு காண முடியாதவை என்று நான்கு சொல்லப்படுகின்றன. முயன்றால் பித்துப் பிடிக்கும் என்ற எச்சரிக்கையோடு. அந்த நான்கில் ஒன்று, வினை எப்படி எப்போது விளைகிறது என்பது. இன்னும் நேரடியான இடம் சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது. சீவகன் என்ற துறவி புத்தரிடம், மனிதன் அனுபவிக்கும் இன்பதுன்பம் எல்லாம் முன்வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே என்று கேட்கிறான். பித்தத்தால் வரும் துன்பம் உண்டு, கபத்தால் உண்டு, வாதத்தால் உண்டு, மூன்றும் கலந்து வருவது உண்டு, பருவ மாற்றத்தால் உண்டு, கவனக்குறைவால் உண்டு, பிறர் தாக்குவதால் உண்டு, வினைவிளைவால் வருவதும் உண்டு. எல்லாவற்றையும் முன்வினை என்பவர்கள் தாங்கள் நேரில் அறிந்ததையும் உலகம் உண்மையென ஏற்றதையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது புத்தர் தந்த பதிலின் சாரம். மறுபிறப்பையும் வினையையும் ஏற்றுக்கொண்ட ஒருவரே எட்டுக் காரணங்களில் ஒன்றாக மட்டும் அதை வைக்கிறார்.

நம் மரபு முழுவதும் இப்படித்தான் பேசியது என்று சொன்னால் அது நேர்மையாகாது. எந்தப் பாவத்துக்கு எந்த நோய் என்று பட்டியலிட்ட கர்மவிபாக நூல்கள் வடமொழியில் உண்டு. சித்த மருத்துவ ஏடுகளிலேயே அகத்தியர் பெயரால் வழங்கும் கன்மகாண்டம் உண்டு. வைத்தீசுவரன் கோயிலில் நடப்பதைப் பாருங்கள். கருவறையில் சிவன் வைத்தியநாதர்; அம்மை தையல்நாயகி; பிரசாதமாகத் தருவதே மருந்துருண்டை. 4448 நோய்களையும் தீர்ப்பவன் என்று பக்தர்கள் வணங்கும் அந்தக் கடவுள் மருத்துவர் வேலையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். அதே ஊரின் தெருக்களில் நாடி ஜோதிடம் பார்ப்பவர்கள் முற்பிறவிப் பாவத்தையும் அதற்கான பரிகாரத்தையும் ஓலையிலிருந்து வாசிக்கிறார்கள். நீதிபதி வேலை வெளியே நடக்கிறது. மரபில் இரண்டு குரலும் இருக்கின்றன. எதை நாம் கையில் எடுக்கிறோம் என்பது நம் பொறுப்பு.

சைவ சித்தாந்தம் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்திருக்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், மருத்துவர் சில நோய்களை அறுத்துக் கீறியும் சிலவற்றைப் பாலும் சர்க்கரையும் கொடுத்தும் தீர்ப்பதுபோல, இறைவன் துன்பத்தாலும் இன்பத்தாலும் வினையைக் கழிக்கிறான் என்கிறது. நோயே ஒரு சிகிச்சை என்னும் இந்தக் கருத்துதான் என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான தமிழ்க் குரல். ஆனால் அறுக்கிற மருத்துவரின் நோக்கம் நோயாளிக்குத் தெரியும்; காயம் ஆறும்; ஆறிய பிறகு அவர் எழுந்து நடப்பார். ஆறு வயதில் பேச்சையும் நடையையும் விழுங்கும் திறனையும் ஒவ்வொன்றாக இழந்து ஓராண்டுக்குள் முடிந்துபோகிற பிள்ளைக்கு அந்த உவமை எங்கே பொருந்துகிறது? அடுத்த பிறவியில் பொருந்தும் என்றால், அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லக்கூடியவர் யாருமில்லை. அருணந்தியாரைத் தவறென்று நான் தள்ளவில்லை. அவர் பேசும் உண்மைக்கு உரியவர் யார் என்பதுதான் கேள்வி. அப்பருக்குச் சூலை வந்தது. அதை இறைவன் தன்னைத் தடுத்தாட்கொண்ட வழியாக அவர் கண்டார். தன் வயிற்றில் எரிந்த நோய்க்குத் தானே பொருள் கண்டவர் அவர். அந்த உரிமை அவருக்கு உண்டு. அப்போதும் திருவதிகையில் அவர் பாடியது வலியை விலக்கச் சொல்லும் முறையீடுதான். தான் செய்த கொடுமை இன்னதென்று தனக்குத் தெரியவில்லை என்பதையும் அதில் சேர்த்தே சொல்கிறார். அவருடைய அக்கா திலகவதியார் தம்பிக்குத் திருநீறு கொடுத்தார். உன் பாவம் இது என்று பட்டியல் கொடுத்ததாகச் சேக்கிழார் எங்கும் எழுதவில்லை.

நோயைத் தன் வினையாகக் காண்பது ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே திரும்பிப் பார்க்கும் செயல். அதில் தவம் இருக்கலாம், திருந்துதல் இருக்கலாம். அதே சொல்லை அடுத்தவர் பிள்ளையின்மேல் எறியும்போது இரண்டும் இல்லாமல் போய்விடுகின்றன. பேசுபவரிடம் எஞ்சுவது, இது எனக்கு வராது என்ற இரகசிய நிம்மதி மட்டுமே. ஆறு வயதுப் பிள்ளைக்கோ அப்பரைப்போல் தன் நோய்க்குப் பொருள் காணும் வாய்ப்பும் கிடையாது. அதன் சார்பில் பொருள் காணும் அதிகாரத்தை அது யாருக்கும் எழுதிக்கொடுக்கவும் இல்லை.

திருக்குறளில் ஊழுக்குத் தனி அதிகாரமே இருக்கிறதே, ஊழைவிட வலியது உண்டா என்று வள்ளுவரே கேட்கவில்லையா என்பார்கள். கேட்டார். ஆனால் மருந்து என்ற அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பத்துக் குறளிலும் ஊழ் என்ற பேச்சே இல்லை. வாதம் முதலான மூன்றின் மிகையும் குறையும் இருக்கிறது, உண்ணும் அளவு இருக்கிறது, நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராயச் சொல்லும் அறிவுரை இருக்கிறது, நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகியவற்றைக் கணிக்கச் சொல்லும் குறள் இருக்கிறது, கடைசியில் நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவர் என்று நால்வர் கூட்டணி இருக்கிறது. ஊழின் வலிமையை எழுதிய அதே கை, நோய் என்று வந்ததும் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது. திருஞானசம்பந்தர் இன்னும் வெளிப்படையாகவே சண்டை போடுகிறார். இன்று திருச்செங்கோடு என்று அழைக்கப்படும் கொடிமாடச் செங்குன்றூரில், பனிக்காலச் சுரம் அடியார்களைத் தீண்டக் கூடாதென்று அவர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்கிறது பெரியபுராணம். அந்தப் பதிகத்தின் முதல் பாட்டே, இந்த வினைக்கு இந்தப் பயன் என்று கணக்குச் சொல்லிக்கொண்டு தப்பும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்ற கண்டிப்போடுதான் தொடங்குகிறது. வினையை மறுக்காமலே அதன் பெயரால் கைகட்டி நிற்பதை மறுத்த பாட்டு அது. பிற மதங்களிலும் இதே கோபம் பதிவாகியிருக்கிறது. விவிலியத்தில் யோபுவிடம் நீ பாவம் செய்திருப்பாய் என்று வாதாடிய நண்பர்களைக் கடவுளே கடிந்துகொள்கிறார். பிறவிக் குருடனைக் காட்டி இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு.

ஆறுதல் பற்றிய தடை கடைசியாக வரும், நியாயமாகவும் வரும். பிள்ளையை இழக்கப்போகும் வீட்டில் வினை என்ற நம்பிக்கை ஒரு பிடிமானம். அதையும் பறித்துவிட்டு என்ன தரப்போகிறீர்கள்? நம்பிக்கையை யாரும் பறிக்க வேண்டாம். ஆனால் பெற்றோருக்கு ஆறுதல் தருவது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிள்ளை எங்கோ இருக்கிறது, இதோடு முடியவில்லை, இறைவன் நிழலில் சேர்ந்தது என்ற நினைப்பு ஆறுதல் தருகிறது. அதற்கு இந்த நோய் தண்டனையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மறுபக்கத்தில், தண்டனை என்ற நினைப்பு எடுத்துக்கொள்ளும் விலை பெரிது. குற்றவுணர்ச்சி பெரும்பாலும் தாயின் தலையில்தான் விழுகிறது. பரிகாரத்துக்குக் கடன் வாங்கப்படுகிறது. எந்தத் தோஷம் என்று தேடுவதில் வாரங்கள் கழிகின்றன. டி.ஐ.பி.ஜி.யில் சில வாரத் தாமதம் முடிவை மாற்றாமல் போகலாம். மற்ற மூளைக்கட்டிகள் பலவற்றில் அது பார்வையையும் உயிரையும் பறிக்கும். பிரிட்டனில் 2011-இல் ஹெட்ஸ்மார்ட் என்ற விழிப்புணர்வு இயக்கம், காலை வாந்தி, தொடர்ந்த தலைவலி, புதிதாக வந்த மாறுகண், தள்ளாட்டம், தலைசாய்ப்பு ஆகியவற்றைப் பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் அட்டை அடித்து விளக்கியது. அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் கண்டறிய ஆன காலம் சுமார் பதினான்கு வாரத்திலிருந்து ஏழு வாரத்துக்கும் கீழே வந்தது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்ளும் ஊர்களில் அந்த அட்டை இன்னும் அவசியம்.

சம்பந்தர் சொல்வதுபோல் தப்பும் வழியைத் தேடும் முயற்சியே ஊழுக்குப் பதில் என்றால், முயற்சி தோற்கும் நோயில் என்ன மிஞ்சுகிறது? இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். நீல் ஆம்ஸ்ட்ராங்கின் சிறுமகள் இதே பான்ஸ் கட்டியால் 1962-இல் இறந்தாள். அவளுக்கும் அன்று கதிர்தான் கொடுத்தார்கள். இன்றும் முதன்மைச் சிகிச்சை அதுவே. நம் ஊரில் கரண்ட் வைப்பது என்று சொல்லும் அந்தச் சிகிச்சை, வழக்கமாக ஆறு வாரம், 54 கிரே அளவு, முப்பது பகுதிகளாகத் தரப்படுகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கண் நேராகிறது, நடை திரும்புகிறது, சில மாதங்கள் கிடைக்கின்றன. பிறகு கட்டி மறுபடி வளர்கிறது. ஆயுர்வேதம் நோய்களைத் தீரக்கூடியது, தீராதது என்று இரண்டாக மட்டும் பிரிக்காமல், தீராவிட்டாலும் மருந்தின் துணையால் தாங்கி நிறுத்தக்கூடியது என்று இடையில் ஒரு வகையை வைத்தது. யாப்பியம் என்று அதற்குப் பெயர். இந்தக் கதிர் சிகிச்சை தரும் மாதங்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தீராதது என்று ஒரு மருத்துவர் சொல்வது தோல்வியை ஒப்புக்கொள்ளும் நேர்மை. அது தண்டனை பற்றிய தீர்ப்பாகிவிடாது. வலியைக் குறைப்பது, விழுங்க உதவுவது, பிள்ளை கேட்கும் கேள்விக்கு அதன் வயதுக்கேற்ற உண்மையைச் சொல்வது, எப்போது ஊசியை நிறுத்தலாம் என்று பெற்றோரோடு உட்கார்ந்து பேசுவது எல்லாம் மருத்துவம்தான். வினை என்பவர் கைவிடச் சொல்கிறார், அறிவியல் என்பவர் கடைசிவரை ஊசி போடச் சொல்கிறார் என்று இரண்டே கட்சி இருப்பதாக நினைப்பது தவறு.

இந்த நோயைப் பற்றி இன்று தெரிந்ததில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆபத்தான இடம் என்பதால் நெடுங்காலம் யாரும் இந்தக் கட்டியிலிருந்து திசு எடுக்கவில்லை. படத்தைப் பார்த்தே நோயை முடிவு செய்தார்கள். பாரிஸின் நெக்கர் மருத்துவமனை மருத்துவர்கள் நுண்ணிய ஊசியால் பாதுகாப்பாகத் திசு எடுக்கலாம் என்று பிற்பாடு காட்டினார்கள். அதற்கு இணையாக, இறந்த பிள்ளைகளின் பெற்றோர் சிலர் கட்டியின் திசுவை ஆய்வுக்குத் தானமாகக் கொடுத்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மான்ஜே ஆய்வகம் அப்படிக் கிடைத்த திசுவிலிருந்து உயிரணுக்களை வளர்த்தது. ஜிடி2 என்ற குறியைத் தேடித் தாக்கும்படி மாற்றிய நோயெதிர்ப்பு அணுக்களைக் கொண்ட சிகிச்சை அங்கிருந்துதான் கிளம்பியது. சிறிய சோதனையில் சிலருக்குக் கட்டி பெரிதும் சுருங்கியது, ஒருவருக்கு மறைந்தே போனது. 2025 ஆகஸ்டில், அந்த 27-ஆம் இடத்துப் பிழை கொண்ட கட்டி சிகிச்சைக்குப் பிறகும் வளரும் நோயாளிகளுக்காக டோர்டாவிப்ரோன் என்ற மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விரைவு அனுமதி தந்தது. நோயைக் குணப்படுத்தும் மருந்து அல்ல அது; சிறு பகுதியினருக்கே கட்டி சுருங்குகிறது. ஆனாலும் இந்த நோய்க்கென்றே அனுமதி பெற்ற முதல் மருந்து. தன் பிள்ளைக்கு இனி எதுவும் உதவாது என்று தெரிந்த பிறகும் முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்காகத் திசு கொடுத்த பெற்றோரை, பாவம் செய்தவர்கள் என்று அழைக்க எந்த மதத்துக்கும் வாய் வரக்கூடாது.

ஆதீனங்களுக்கும் ஜீயர் மடங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் தேவாலயங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிப்ரவரி 15 சர்வதேசக் குழந்தைப் புற்றுநோய் தினம். அன்றைய சொற்பொழிவில், பிரசங்கத்தில், பிள்ளைக்கு வரும் புற்றுநோய் யாருடைய பாவத்தின் சம்பளமும் அல்ல என்று ஒருமுறையாவது ஒலிபெருக்கியில் உரக்கச் சொல்லுங்கள். சைவ மேடைகளுக்குப் புதிய மேற்கோள் தேட வேண்டிய வேலைகூட இல்லை. திருநீலகண்டப் பதிகத்தின் முதல் பாட்டைப் பொருளோடு விளக்கினால் போதும்.